12-ஆம் வாரத்தில் ஒரு கையெழுத்து

என் கணவர் எனக்குச் சொந்த அத்தை மகன். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் குடும்பங்களில் இது வழக்கம் என்பதால், நாத்தனாரின் மகனுக்குத் தலசீமியா மேஜர் (பெற்றோர் வழியாக வரும் கடுமையான ரத்த நோய்) என்று தெரிந்த பிறகும், எங்கள் திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருவுற்ற எட்டாவது வாரத்தில்தான் எடுத்தோம். ஹெச்பி ஏ2 என்கிற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் கேரியராக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக, இருக்கக்கூடும் என்றார்கள், எனக்கு 5.1, அவருக்கு 5.4. ரத்தசோகை என்று சொல்லிப் பள்ளிக்காலம் முழுக்க எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களே, அது ஏன் பலிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசுவை ஊசியால் எடுத்து, கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். கரு கலையும் அபாயமும் சிறிதளவு உண்டு. "நோய் இருப்பதாக வந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? எதுவும் செய்யப்போவதில்லை என்றால் இந்த அபாயம் எதற்கு?" என்று மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரத்துக்கொருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு, உடலில் தேங்கும் இரும்பைக் குறைக்கும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து முகம் சுளித்துக் குடித்துவிட்டு, உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பறக்கிறவன் வீட்டிலேயே இருக்கும்போது, இவனைப் போல இன்னொன்று வேண்டாம் என்று அவன் காதுபட எப்படிச் சொல்வது?

ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தது. எனக்குப் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். கர்ப்பிணிக்குப் புரிகிற மொழியில் எழுத்துபூர்வமாக ஒப்புதல் வாங்கி நகலும் தர வேண்டும் என்கிறது கருவில் செய்யும் பரிசோதனைகளுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டம். (பாலினத்தைச் சொல்லக் கூடாது என்பது மட்டுமே அதில் இருப்பதாக நினைத்திருந்தேன்.) தமிழில் கேட்டபோது செவிலியர் சலிப்போடு வாயாலேயே விளக்கினார். 'வைகல்யம்' என்ற சொல் வந்ததும் சற்றுத் தயங்கி, "அதாவது, குறை" என்றார். நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பையைத் துழாவிப் பேனாவை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

முடிவு வர 16 நாட்கள் ஆயின. குழந்தையும் எங்களைப் போலக் கேரியர் மட்டுமே. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்றார் அத்தை. வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நாத்தனார் இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது என் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு அவனுடைய பரிசோதனைச் சீட்டையும் கொடுக்கச் சொன்னேன். "அதைப் பார்த்த பிறகு யார் பெண் தருவார்கள்?" என்று அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.