பதிவே இல்லை என்று சொல்லப்பட்ட மாலுமியை லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தோம்

கட்டணத்தை வாங்கிக்கொண்டு, "இப்படி ஒருவர் கடற்படையில் பணியாற்றியதற்குப் பதிவே இல்லை" என்று இரண்டே வரியில் பதில் அனுப்பிய தேடல் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அவர்கள் தேடியது லண்டனில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவரின் மூதாதையை. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களோடு மோதியபோது அவர் அங்கே இருந்தார் என்பது மட்டுமே குடும்பத்துக்குத் தெரியும். நாகையில் பிறந்த என்னால் அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை.

எந்தெந்த ஏடுகளைப் பார்த்தீர்கள் என்று வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், 1853-இல் தொடங்கும் தொடர்பணிப் பதிவேடுகளை, அதாவது நீண்டகாலப் பணிக்குச் சேர்ந்த மாலுமிகளின் பதிவேடுகளை, மட்டுமே புரட்டியிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய சாதாரண மாலுமியைக் கப்பலின் பெயர் தெரியாமல் தேடுவது மிகக் கடினம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை எளிதாகக் கிடைத்தது. ஹியூஸிடம் அன்று இருந்த 11 போர்க்கப்பல்களின் ஆள்கணக்கு ஏடுகளை (கப்பலில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்களை) ஏடிஎம் 36 என்ற கடற்படை ஆவண வரிசையிலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்; ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடாதீர்கள். மான்மத் கப்பலின் ஏட்டில் பெயர் சற்றுத் திரிந்திருந்தாலும், பிறந்த ஊரும் வயதும் குடும்பத்தார் சொன்னவற்றோடு அப்படியே பொருந்தியபோது பெரியவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

ஆனால் அதே வரியில், ஓடிப்போனவரைக் குறிக்கும் 'ஆர்' என்ற எழுத்து இருந்தது. அங்கேயே தேடலை நிறுத்திவிடாதீர்கள். கரையில் மருத்துவமனையில் கிடந்து, குறித்த நாளில் திரும்பாதவர்களுக்கும் அந்த எழுத்தைப் போட்டுவிடுவதுண்டு. அடுத்த ஏட்டில் அவர் மீண்டும் இருந்தார். 1783 கோடையில், கடலூர்ப் போருக்குப் பிறகு, 'டிடி', அதாவது இறந்தார், என்று கணக்கு முடிக்கப்பட்டிருந்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான பூர்வாங்கச் சமாதான ஒப்பந்தம் ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி இந்தியாவுக்கு வந்து சேரத்தான் தாமதமாயிற்று.

அவருடைய பாக்கிச் சம்பளத்தை யார் பெற்றார்கள் என்பதை ஏடிஎம் 35 வரிசையிலுள்ள சம்பள ஏடுகளில் தேட வேண்டும்; அவற்றுக்கும் முன்பதிவு செய்துவிட்டோம்.