சண்டிகருக்கு வெளியே முளைத்த சண்டிகர்

சண்டிகரில் அறை என்று போட்டிருந்ததை நம்பி முன்பதிவு செய்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் போய் இறங்கினால் அது ஜீரக்பூர். பஞ்சாப் மாநிலம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், விளக்கு எரியும் கல்யாண மண்டபங்கள், ஹோர்டிங்குகள். அதில் வீடு விற்கிறவர்கள் எல்லோருமே சண்டிகர் என்றுதான் எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் மறுநாள் ஆட்டோ பிடித்து நிஜ சண்டிகருக்குள் போன பிறகு அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் புரிந்தது.

கதை தெரிந்ததுதான். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுத்து, ஊரைத் திட்டமிட முதலில் ஆல்பர்ட் மேயரையும் மேத்யூ நோவிட்ஸ்கியையும் அமர்த்தினார்கள். நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோனார். 1951இல் வந்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே மேயரின் வளைந்த சாலைகளை நிமிர்த்தி, 800க்கு 1200 மீட்டர் கட்டங்களாக ஊரைப் பிரித்தார். அதுதான் செக்டர்.

சண்டிகர் என்றால் எல்லோரும் கேபிடல் வளாகத்தைத்தான் காட்டுவார்கள். உயர் நீதிமன்றம், சட்டமன்றம், 254 மீட்டர் நீளத் தலைமைச் செயலகம். 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சரி, பிரமாண்டம்தான். ஆனால் அந்தத் திறந்தவெளியில் வெயிலில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், அது மனிதர்கள் நடப்பதற்காகப் போட்ட இடம் என்று தோன்றவே தோன்றாது. என் மனதில் நின்றது வேறு: பழைய செக்டர்களில் இருக்கிற அரசு ஊழியர் குடியிருப்புகள். பியர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, கூட வேலை பார்த்த ஊர்மிளா யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் செய்த வேலை அது. கையில் காசு குறைவு, செங்கல் பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தது, அதனால் பூசாத செங்கல் சுவர். ஏசி கிடையாது, அதனால் உள்ளே தள்ளி வைத்த ஜன்னல், காற்று வர ஓட்டை விட்ட ஜாலிச் சுவர், மேலே படுக்க மொட்டை மாடி. முதலமைச்சரிலிருந்து பியூன் வரைக்கும் பதின்மூன்று வகை வீடுகள் போட்டார்கள். சம்பளத்துக்கு ஏற்ற வீடு என்பதை இவ்வளவு பச்சையாக வரைபடத்தில் எழுதிவைத்த ஊர் வேறு இருக்குமா தெரியவில்லை. அதே சமயம், கடைசி வகை வீட்டுக்கும் ஒரு நல்ல கட்டடக் கலைஞர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தனியார் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. சிறிய மனைகளில் முகப்பு எவ்வளவு உயரம், ஜன்னல் திறப்பு எங்கே என்பதெல்லாம் அரசே முடிவு செய்தது. ஃபிரேம் கன்ட்ரோல் என்பார்கள். பின்னால் நீங்கள் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், தெருவைப் பார்க்கிற முகம் ஊருடையது. அதனால்தான் ஒரு தெரு முழுக்க ஒரே ஆள் கட்டியது மாதிரி இருக்கிறது. அழகா அலுப்பா என்று கேட்டால், முதல் நாள் அழகு, இரண்டாம் நாள் எந்த செக்டரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வீடுகள் எல்லாம் பெரிய சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்பக்கம் திரும்பி நிற்பதால் சாலையில் போனால் மரமும் மதிலும்தான்.

இப்போது ஜீரக்பூருக்கு வருகிறேன். முதல் கட்டமாக 1 முதல் 30 வரையிலான செக்டர்களை ஒன்றரை லட்சம் பேருக்கும், மொத்த ஊரை ஐந்து லட்சம் பேருக்கும் போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் பத்தரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊரைச் சுற்றி யாரும் கட்டக்கூடாது என்று 1952லேயே சுற்றுப்பகுதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது, முதலில் 5 மைல், பிறகு 10 மைல். போட்டவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் 1966இல் பஞ்சாபும் ஹரியானாவும் பிரிந்து, சண்டிகர் இரண்டுக்கும் தலைநகராகி, தான் மட்டும் யூனியன் பிரதேசமாக 114 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கியபோது, அந்தப் பச்சை வளையத்தின் பெரும்பகுதி இரண்டு மாநில அரசுகளின் கைக்குப் போய்விட்டது. இரண்டு பேருமே சும்மா இருப்பார்களா? பஞ்சாப் தன் பக்கத்தில் மொகாலியைக் கட்டியது, ஹரியானா பஞ்ச்குலாவை. திட்டம் என்று எதுவும் போடாமல் நடுவில் வீங்கியது ஜீரக்பூர்.

உள்ளே இரண்டு அரசுகளின் அலுவலகங்கள், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், 1962இல் வந்த பிஜிஐ மருத்துவமனை, அதாவது வேலை முழுக்க உள்ளே. வீடோ உயரக் கூடாது, பிரியக் கூடாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் முதல் முப்பது செக்டர்களில் ஒரு வீட்டை மாடி மாடியாகப் பிரித்து அபார்ட்மென்ட் ஆக்குவதைத் தடுத்துவிட்டது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது சரி, எனக்கும் அந்தச் செங்கல் சுவர்கள் வேண்டும். அப்புறம் கூட்டம் எங்கே போகும்? நான் படுத்திருந்த லாட்ஜ் பக்கம்தான். சண்டிகர் விமான நிலையத்தின் புது முனையமே 2015லிருந்து மொகாலிப் பக்கம்தான் இருக்கிறது. இந்தியாவின் சிறந்த திட்டமிட்ட நகரம் என்று பாராட்டுகிறவர்கள் அந்த 114 சதுர கிலோமீட்டரை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மரமும் வெளியும் உள்ளே மிச்சம் இருக்கின்றன என்றால், நெரிசலை வெளியே இருக்கிறவர்கள் சுமக்கிறார்கள்.

உள்ளேயும்கூட முழுக்க அடங்கவில்லை. செக்டர் 45க்குள் புரைல் கிராமம் அப்படியே இருக்கிறது, கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம். ஊர் கட்ட இடித்துத் தள்ளிய கிராமங்களின் உடைந்த ஓடும் பீங்கானும் பொறுக்கி, சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், அனுமதி எதுவும் இல்லாமல் காட்டுக்குள் பல வருடம் ரகசியமாகச் சிலைகள் செய்தார். கண்டுபிடித்தவர்கள் இடிக்காமல் விட்டார்கள், 1976இல் ராக் கார்டனாகத் திறந்தார்கள். நான் போன நாளில் கேபிடல் வளாகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அங்கே டிக்கெட்டுக்கு வரிசை.

திரும்பும்போது கவனித்த ஒன்று. பஞ்ச்குலா தன் செக்டர்களை மறுபடி 1லிருந்து எண்ணுகிறது. மொகாலியோ சண்டிகர் விட்ட இடத்திலிருந்து 60, 70 என்று தொடர்ந்துகொண்டே போகிறது, நடுவில் மாநில எல்லை என்று ஒன்று இல்லவே இல்லாத மாதிரி.