சிவிக் ஆட்டோமேட்டிக்குக்கு வீட்டிலேயே ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மாற்றுவது

"ஆட்டோமேட்டிக் ஆயிலைத் தொட்டால் பாக்ஸ் போய்விடும்" என்று மெக்கானிக் சொல்லாத ஊரே இல்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்றும் நினைப்பே வருகிறது. கிளட்ச் தட்டுகள் அதற்குள் தேய்ந்திருக்கும். பாக்ஸ் நின்றதும் பழி புது ஆயில் மேல் விழுகிறது. ஒழுங்காக ஓடும் வண்டியில், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே எழுதுவது எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர், 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு. இந்தியாவில் 2006-இல் வந்த அதே சிவிக். இதன் கியர்பாக்ஸில் கோள்கியர் அமைப்பு (நடுச் சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழல்வது) கிடையாது. மேனுவல் பெட்டி போல இணையான தண்டுகளில் பற்சக்கரங்கள், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளட்ச் பேக், அதாவது கிளட்ச் தட்டுகளின் அடுக்கு. அந்தக் கிளட்ச் பிடிப்பதும் விடுவதும் ஆயிலின் உராய்வுத் தன்மையைப் பொறுத்தது. அதனால்தான் ஹோண்டா தன் சொந்த ஏடிஎஃப்-ஐயே கேட்கிறது. முன்பு இசட்-1, இப்போது அதற்குப் பதில் டிடபிள்யூ-1. இரண்டும் கலந்தால் தப்பில்லை. டெக்ஸ்ரான் வகை ஆயில் விலை குறைவு என்று ஊற்றினால் கியர் மாறும்போது உதறல் வரலாம். பெல்ட்டில் ஓடும் சிவிடி பெட்டிக்கு எச்சிஎஃப்-2 என்று வேறு ஆயில் இருக்கிறது. அதை இதிலும் இதை அதிலும் ஊற்றவே கூடாது.

ஒரு தடவை வடித்தால் ஏறக்குறைய 2.4 லிட்டர்தான் வெளியே வரும். மொத்தம் சுமார் 6 லிட்டர். மீதி, எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் உள்வழிகளிலும் தங்கிவிடும். கணக்குப் போட்டால், ஒருமுறை மாற்றினால் 40 சதவீதம் புதுசு, இரண்டாம் முறையில் 64, மூன்றாம் முறையில் 78. மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. நடுவில் எல்லாக் கியரும் விழுமாறு வண்டியை ஓட்டி, பழசும் புதுசும் நன்றாகக் கலக்கவிட வேண்டும். அதற்குச் சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விடுவதே நல்லது. மூன்று முறைக்கும் சேர்த்து 8 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வது வேண்டாம். ஓரங்களில் படிந்த அழுக்கு கிளம்பி வால்வில் போய் அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்ய அடித்தட்டு (ஆயில் பேன்) எதுவும் இதில் கிடையாது. ஃபில்டர் உள்ளே இருக்கிறது, பெட்டியைப் பிரித்தால்தான் கைக்கு வரும்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றும் முன்பே டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள். புது ஆயில் உள்ளே போகும் வழி அதுதான். அது வராவிட்டால் கீழே வடித்துவிட்டு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது, எந்த போல்ட் என்பது. எஞ்சின் ஆயில் போல்ட்டுக்கு அறுகோணத் தலை, 17 எம்எம் ஸ்பேனர். கியர்பாக்ஸ் போல்ட்டிலோ சதுரக் குழி. 3/8 அங்குல ராட்செட்டின் மூக்கு அப்படியே உட்காரும், சாக்கெட் வேண்டாம். முன் இடது சக்கரத்தை ஒட்டிய பக்கம் தேடுங்கள். இந்த அடையாளம் தெரியாமல், எஞ்சின் ஆயில் என்று நினைத்து ஏடிஎஃப்-ஐ வடித்துவிட்டு எஞ்சினில் நான்கு லிட்டர் கூடுதலாக ஊற்றியவர்கள் உண்டு. அப்போது எஞ்சினும் பெட்டியும் இரண்டுமே சேதமாகும். வடிவது சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் ஏடிஎஃப். அதைப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

போல்ட் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். விரலில் குத்துகிற துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் போல் தெரிந்தால் கூலண்ட் (ரேடியேட்டர் நீர்) புகுந்துவிட்டது. இந்த மூன்றில் எது கண்டாலும் புது ஆயில் அதைச் சரிசெய்யாது.

18 எம்எம் அலுமினிய வாஷர் புதுசு போடுங்கள். அது நசுங்கித்தான் அடைக்கும், ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது. போல்ட்டை 49 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். பெட்டி அலுமினியம், கைவேகத்தில் இறுக்கினால் மரை போய்விடும். அந்த ஒரு மரையைச் சரிசெய்ய ஆகும் செலவில் முறுக்கும் விசையை அளந்து காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச் வாங்கலாம்.

வடித்ததைப் பழைய ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றி அளந்து, அதே அளவை நீளக் குழாய் வைத்த புனலால் டிப்ஸ்டிக் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். துடைக்க நூல் பிரியாத துணிதான் வேண்டும். வேஸ்ட் துணியின் ஒரு பிசிறு சோலினாய்டில் (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) போய் மாட்டினால் போதும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு நிலையிலும் மூன்று விநாடி நிறுத்தித் திரும்புங்கள்.

மட்டம் பார்ப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது பார்ப்பார்கள், ஹோண்டாவில் அணைத்த பிறகு. சமதளத்தில், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை சூடாக்கி, எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் காட்டுவது சரியான மட்டமில்லை. ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், டி போட்டதும் வண்டி யோசித்து நகரும். கூடினால் பற்சக்கரம் கடைந்து நுரைக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது. கூடியதை டிப்ஸ்டிக் துளை வழியே குழாய் மாட்டிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம்.

மறுநாள் காலை போல்ட்டைச் சுற்றி விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அநேகமாகப் பழைய வாஷர் இன்னும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் புதுசு உட்கார்ந்திருக்கும். கசிவு வருவது பெரும்பாலும் இதனால்தான்.