மெயிலின் கீழே என் பெயர்

சென்னையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். அப்போதெல்லாம் வாக்-இன் என்றால் ரெஸ்யூம்களை மேசையில் மூன்று கட்டாகப் பிரித்து வைப்போம், யாரை ஏன் ஒதுக்கினோம் என்று சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டாலும் சொல்ல முடியும். இப்போது பிரிப்பது ஏடிஎஸ், அதாவது விண்ணப்பங்களைப் படித்து வடிகட்டும் மென்பொருள்.

போன வருடம் ஒரு காலையில் டெலிவரி மேனேஜர் வந்து நின்றார். "ஏம்மா, நான் அப்ளை பண்ணச் சொன்ன பையனுக்கு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ரிஜெக்ட் மெயில் வந்திருக்கு. அந்த நேரத்துலயா உட்கார்ந்து பார்த்தீங்க?" மெயிலின் கீழே என் பெயர். அந்த ரெஸ்யூமை நான் திறந்ததே இல்லை.

தோண்டிப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். புது வேலைக்கான பதிவை வழக்கம்போலப் பழையதிலிருந்து காப்பி செய்திருந்தேன். வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கழித்துவிடு என்று எப்போதோ போட்ட டிக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பையன் அப்பாவின் டயாலிசிஸுக்காக ஒரு வருடம் ஊரில் இருந்தவன். அதே டிக்கில் கழிந்துபோனவர்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நிறையப் பேர் பெண்கள், குழந்தை பிறந்தபின் திரும்பி வரப் பார்த்தவர்கள்.

அமேசான் இப்படி ஒரு கருவி செய்து பார்த்துக் கைவிட்டதை 2018-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பத்து வருட ரெஸ்யூம்களைப் படிக்கக் கொடுத்ததில், 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே அது மதிப்பைக் குறைத்ததாம். அங்கே மெஷின் தானாகக் கற்றுக்கொண்டது என்றாவது சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஒருமுறை எங்கள் விளம்பரத்தில் 'மேனேஜ்மென்ட்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதே எழுத்துப்பிழையோடு வந்த ரெஸ்யூம்கள்தான் அந்த வாரம் பட்டியலின் உச்சியில் இருந்தன. விளம்பரத்தை அப்படியே எடுத்து ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதை இன்னொரு மென்பொருள் படித்து மதிப்பெண் போடுகிறது, நடுவில் நான் சம்பளம் வாங்குகிறேன். நம் ஊர் இனிஷியல் வேறு தனிக் கதை. கடைசிப் பெயர் கட்டாயம் என்று ஃபார்ம் கேட்டால் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் ஊர்ப் பெயரை, இன்னொருவர் வெறும் புள்ளியை.

சரி, அந்தப் பையனைக் கூப்பிட்டேன். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். கோபமெல்லாம் இல்லை. "நான் அனுப்பி நாலு நிமிஷம்கூட ஆகல மேடம். மெயில்ல 'மிகக் கவனமாகப் பரிசீலித்த பிறகு'ன்னு இருந்துச்சு" என்று சிரித்தான்.

அந்த வரியையாவது டெம்ப்ளேட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதை வேறு டீம் பார்க்கிறதாம், டிக்கெட், அதாவது சிஸ்டத்தில் ஒரு கோரிக்கை, போடச் சொன்னார்கள். போட்டிருக்கிறேன்.