கறுப்புப் பெட்டியில் இருந்து ஆரம்பியுங்கள்

ஊத்தங்கரையோ பாலக்கோடோ, நம்ம பக்கத்தில் எந்த ஊருக்குப் போய்க் கேட்டாலும் ஒரு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ காட்டுவார்கள். அவர் விமானப்படையில் இருந்தவர் என்றால் அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. “மிலிட்டரி இல்லப்பா, ஏர்ஃபோர்ஸ்” என்று திருத்துவார். அவர்களில் சிலர் வெளிநாட்டு மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து வேலை பார்த்தவர்கள். 1961-ல் காங்கோ, 1987 முதல் 1990 வரை இலங்கை, 2000-ல் சியரா லியோன், அதன் பிறகு மறுபடியும் காங்கோ. காங்கோவுக்கு முதலில் போனவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. யாருடைய நினைவுகளையாவது பதிவு செய்து வைக்க நினைத்தால் அவர்களிடம் முதலில் போங்கள்.

ஆசையோடு உட்காருகிறவர்கள் நிறைய. ஆனால் இருபது நிமிடத்தில் வீடியோ முடிந்துவிடும். “அங்க எப்படி தாத்தா இருந்துச்சு?” “நல்லாத்தாம்பா இருந்துச்சு.” அவ்வளவுதான். தப்பு அவர் மேல் இல்லை, கேள்வி மேல். வெளிநாட்டு முகாமில் இருந்த ஏர்மேன்களில் (அதிகாரி அல்லாத விமானப்படை ஆட்களில்) பெரும்பாலோர் இன்ஜின் ஃபிட்டர், ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், ரேடியோ, எலக்ட்ரிகல், ஆர்மமெண்ட் என்று தொழில் தெரிந்த ஆட்கள். அவர்களுடைய நினைவு கையில் இருக்கிறது. கையைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் பெட்டி. ஏர்ஃபோர்ஸ்காரர் வீட்டுப் பரணில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியிலும் பக்கத்திலும் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். மாற்றலாகும்போது பழைய எழுத்தின் மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதுவது வழக்கம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கும் பழைய எழுத்தின் விளிம்பு தெரியும். அதை அப்படியே போட்டோ எடுங்கள். ‘எல்.ஏ.சி.’ (லீடிங் ஏர்கிராஃப்ட்ஸ்மேன்) என்பது ‘கார்ப்பரல்’ ஆகி ‘சார்ஜென்ட்’ ஆன வரலாறு அந்தத் தகரத்தில் இருக்கிறது. தயவுசெய்து பெட்டியைக் கழுவிப் புது பெயிண்ட் அடித்து வைக்காதீர்கள்.

பெட்டிக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பணிக்காலத் தேதிகள் கையில் கிடைத்த மாதிரி. அதில் சொந்த மாவட்டம் என்ன போட்டிருக்கிறது என்று கவனியுங்கள். 1965 அக்டோபர் 2-க்கு முன் நம்ம பகுதி முழுதும் சேலம் மாவட்டம். அதன் பிறகு தர்மபுரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான். ஆக, பர்கூரில் பிறந்து 1960-ல் சேர்ந்தவர் காகிதத்தில் சேலத்துக்காரர், 1975-ல் சேர்ந்தவர் தர்மபுரிக்காரர். ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று தேடி ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கும்போதும் சேர்ந்த வருடத்தையும் அப்போதைய மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெடல்களில் முகப்பைவிட விளிம்புதான் முக்கியம். நம் நாட்டு மெடல்களில் பெரும்பாலும் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். வெளிநாட்டுப் பணிக்கு விதேஷ் சேவா மெடல், அதன் ரிப்பனில் நாட்டின் பெயர் பொறித்த பட்டை. இலங்கைக்குப் போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ‘ஸ்ரீலங்கா’ என்ற பட்டையோடு. ஐ.நா. மெடலில் பெயர் இருக்காது. அதில் ரிப்பனின் நிறக்கோடுகளை வைத்துத்தான் எந்த நாட்டுப் பணி என்று கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ரிப்பனை விட்டு வட்டத்தை மட்டும் போட்டோ எடுத்தால் பிரயோஜனம் இல்லை. பிராஸோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பொறித்த எழுத்து மழுங்கும்.

இனி கேள்வி. இலங்கையில் எம்.ஐ.-8 ஹெலிகாப்டரில் வேலை பார்த்தவர் என்றால், “காலைல ஏணி போட்டு மேல ஏறினா முதல்ல என்ன பார்ப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஹெலிகாப்டரின் தலையில் ஐந்து பிளேடுகள். ஒவ்வொரு பிளேடுக்கும் முதுகெலும்பாக உள்ளே வெற்றிடமுள்ள ஒரு உலோகத் தண்டு ஓடும், அதற்குள் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். பிளேடின் வேர்ப்பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்ன அடையாளக் கருவி இருக்கும். தண்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் காற்று இறங்கி அதற்குள் சிவப்பு தெரியும். சிவப்பு தெரிந்தால் அன்றைக்கு அது பறக்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காற்று காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு இது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்த மனிதர் அதோடு நிறுத்த மாட்டார். ஏணி எங்கே கிடைத்தது, யார் பிடித்தார்கள், யாழ்ப்பாணத்துப் பலாலி விமானதளத்தின் செம்மண் தூசி இன்ஜினுக்குள் எப்படிப் போனது, ராத்திரி எந்த வெளிச்சத்தில் வேலை நடந்தது என்று வரிசையாக வரும்.

1961-ல் காங்கோ போனவர் என்றால் கேன்பரா குண்டுவீச்சு விமானம். 1961-ல் 5-ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு கேன்பரா விமானங்கள் ஐ.நா. படைக்காகப் போய், கமீனா தளத்திலிருந்து பறந்தன. அந்த டிசம்பரில் கொல்வேசி விமானதளத்தில் நின்ற கட்டங்கா (காங்கோவிலிருந்து பிரிந்துபோன மாகாணம்) விமானங்களைத் தாக்கியது அவைதான். ஆனால் தாக்குதலைப் பற்றி பைலட் சொல்லட்டும், ஃபிட்டரிடம் ஸ்டார்ட்டரைப் பற்றிக் கேளுங்கள். கேன்பராவின் ஏவான் ஜெட் இன்ஜின்களைப் பேட்டரியால் சுற்றிக் கிளப்புவது கிடையாது. பீரங்கிக் குண்டின் அடிப்பாகம் மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜைச் செருகி வெடித்தால் அந்த வாயு வேகத்தில் இன்ஜின் சுற்றும். பக்கவாட்டில் கறுப்புப் புகை பொத்தென்று வரும். வெடிக்காமல் போனால் உடனே மூடியைத் திறக்கக் கூடாது, பொறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் பொறுத்தார்கள், யார் போய்த் திறந்தது? இந்த இடத்தில் கதை தானாக வரும்.

கோமா, புனியா என்று பிந்திய காங்கோப் பணிக்குப் போனவர்களிடம் உயரத்தைக் கேளுங்கள். கோமா விமானதளம் கிட்டத்தட்ட 1,550 மீட்டரில், ஏற்காட்டு உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஹெலிகாப்டர் தூக்கும் எடையும் குறையும். ஏற்ற இருந்த மூட்டையில் எதை இறக்கினார்கள் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடிக்க 1988 நவம்பரில் ஐ.எல்.-76 சரக்கு விமானத்தில் போனவர்களிடம் முகாம் வாழ்க்கையைத் தேட வேண்டாம். அது ஆக்ராவில் ஏறி ராத்திரியில் ஹுல்ஹுலேயில் (மாலத்தீவின் விமானதளத் தீவு) இறங்கிய கதை. ஏற்றியதையும் இறக்கியதையும் நிமிடக் கணக்கில் கேளுங்கள், போதும்.

எல்லாருக்கும் பொதுவான சில கேள்விகள் உண்டு. தண்ணீர் எதில் வந்தது? கக்கூஸ் எவ்வளவு தூரம்? தங்கியது டென்டா, பில்லெட்டா (கட்டடமா)? மலேரியா மாத்திரை என்ன கிழமையில் கொடுத்தார்கள், யாராவது துப்பினார்களா? டூல் பாக்ஸில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் என்ன நடக்கும்? ஃபார்ம் 700-ல் கையெழுத்துப் போடத் தயங்கிய நாள் உண்டா? (விமானத்தின் பழுதும் பராமரிப்பும் ஏறும் பதிவேடு அது. ஃபிட்டர் கையெழுத்துப் போட்டால் பைலட்டின் உயிருக்கு அவர் பொறுப்பு.) மெஸ்ஸில் சப்பாத்தியா, சோறா? களியை நினைத்து ஏங்கிய நாள் எது? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டாலும், ராகிக் களி தின்று வளர்ந்த நம்ம ஊர் ஆட்களிடம் அது நன்றாக வேலை செய்யும்.

தேதியில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். “எந்த வருஷம்?” என்று கேட்டால் ஒரு குத்துமதிப்பான எண் வரும், அதையே பிடித்துத் தொங்குவார். ஊருக்கெல்லாம் தெரிந்த நிகழ்ச்சியில் கட்டுங்கள். “எம்.ஜி.ஆர். செத்த சேதி வந்தப்போ எங்க இருந்தீங்க?” அது 1987 டிசம்பர் 24. இலங்கையில் இருந்த தமிழ் ஏர்மேன் அதை மறந்திருக்க மாட்டார். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 21, யாழ்ப்பாணச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். காங்கோக்காரருக்கு 1961 டிசம்பரில் நடந்த கோவா விடுதலை. லீவைக் கேட்பதென்றால் மாம்பழ சீசனோடு சேர்த்துக் கேளுங்கள், “மாங்கா இறக்கறப்போ ஊர்ல இருந்தீங்களா?” என்று. அவர் சொல்லும் தேதி தவறு என்று தெரிந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். குறித்துக்கொண்டு அடுத்த நாள் கேளுங்கள்.

ரெக்கார்டிங்கில் கெடுவது பெரும்பாலும் சத்தம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்.பி. ஆகும். காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள், அதுவும் சட்டைப் பொத்தானோடு உரசாத இடமாகப் பார்த்து. ஃபேனை நிறுத்தினால் வெயில் காலத்தில் உட்கார முடியாது, அதனால் காலை பத்து மணிக்குள் ஆரம்பித்துவிடுங்கள். குக்கர், மிக்ஸி, போர்வெல் மோட்டார் மூன்றையும் முன்கூட்டியே வீட்டில் சொல்லி நிறுத்த வேண்டும். ஹைவே ஓரத்து வீடு என்றால் பின்கட்டு அறை, ஜன்னலுக்குப் போர்வை. ஒரு உட்காரலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் போவது ஒரே நாள் முழுக்க உட்காருவதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் நடுவில் இருக்கிற ராத்திரியில்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜெட் இன்ஜின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது போயிருக்கும். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் ஒலி. ச, த, ப போன்ற மெய்கள் மங்கும், பெண் குரலும் குழந்தைக் குரலும் புரியாது. கத்தினால் இன்னும் குழம்பும். எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, சுருதி தாழ்ந்த கனத்த குரலில் நிதானமாகக் கேளுங்கள். ‘தாத்தாவுக்கு ஞாபக மறதி’ என்று வீட்டில் சொல்வதில் பாதி, கேள்வி காதில் விழாததுதான்.

போட்டோக்களை 600 டி.பி.ஐ.-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கக் கூடாது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு மெல்ல அறுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஆல்பத்தோடேயே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்னால் குறிப்பு எழுதுவதற்கு மெத்தென்ற பென்சில், பால்பாயின்ட் வேண்டாம். கேசட்டில் பேசி அனுப்பிய குரல் இருந்தால், போடுவதற்கு முன் மேல் விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் ஒடித்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. ஒலி மந்தமாக வந்தால் டேப்புக்குப் பின்னால் இருக்கும் பஞ்சுப் பட்டை விழுந்திருக்கும், புது கேசட்டின் கூட்டுக்குள் டேப்பை மாற்றினால் சரியாகும்.

கடித உறைகளைக் கிழித்துப் போடாதீர்கள். ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ (ராணுவத் தபால் நிலையம்) என்ற முகவரி இடத்தைச் சொல்லாது. தபால் முத்திரையில் இருக்கும் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) எண்தான் துப்பு. 1962-ல் காங்கோப் படைக்கென்று இந்திய வரைபடத் தபால்தலைகளின் மேல் ‘யு.என். ஃபோர்ஸ் (இந்தியா) காங்கோ’ என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். அப்படி ஒன்று உறையில் இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காமல் உறையோடு வையுங்கள்.

இலங்கைக்குப் போனவர்களிடம் தனியாக நடந்துகொள்ள வேண்டும். தமிழர் மண்ணுக்குத் தமிழராகப் போனவர்கள் அவர்கள். திருச்சி ரேடியோ அங்கே கேட்கும், பேசுகிற மொழி புரியும், ஆனால் சீருடை வேறு. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படையின் கடைசி அணி சென்னை வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. சரியா தப்பா என்று அவரிடம் வாதாட நீங்கள் போகவில்லை. முப்பது வருடம் அவர் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெரிந்து போனால் போதும். அவர் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள். பேசியதில் எதை வெளியில் விடலாம், எதை வீட்டோடு வைக்கலாம் என்று அன்றைக்கே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கூட வேலை பார்த்தவர் பெயரை அவர் சொன்னார் என்பதற்காக வெளியே போடக் கூடாது.

பாட்டி இருந்தால் அவரைத் தனி நாளில், தனி ரெக்கார்டிங்காகக் கேளுங்கள். ஒரே அறையில் இருவரையும் வைத்தால் தாத்தா திருத்திக்கொண்டே இருப்பார். கடிதம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, ட்ரங்க் கால் பேச எந்த போஸ்ட் ஆபீசுக்கு நடந்தார், காட்டை யார் உழுதார்கள், தந்திக்காரர் தெருவில் திரும்பும்போது நெஞ்சு என்ன ஆனது என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தின் மறுபாதி இங்கே தெருத் திண்ணையில் நடந்தது.

கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு ஊரில். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்தில் இறக்க ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் நடுவில் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தாவுவார்கள், தொழில் பேச்சில் இந்தி வரும். ‘டிடாச்மென்ட்’டைப் ‘பிரிவு முகாம்’ என்று மாற்றாமல் வாயில் வந்தபடியே எழுதுங்கள்.

கேள்வி முடிந்ததும் ரெக்கார்டரை உடனே அணைக்காதீர்கள். டீ வரும், உடம்பு தளரும், “இதெல்லாம் விடு, ஒரு நாள் என்னாச்சுன்னா...” என்று அப்போதுதான் ஆரம்பிப்பார். டம்ளர் காலியாகிற வரை ஓடட்டும். ஓடுகிறது என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள்.