குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா

ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் பாக்டீரியா எந்தெந்தப் படிகளில் உருவாகிறது என்பதை முனைவர் பட்டத்துக்கு எடுப்பவர் கருவி கட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மருந்தின் வீரியத்தை அளக்கவும் தெரிய வேண்டும், பரிணாமமும் புரிய வேண்டும். மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டால் ஆய்வு கெடும். ஏனென்றால் குப்பிக்குள் எந்தச் செல் பிழைக்கும் என்ற தேர்வை நடத்துவது மருந்து மட்டுமல்ல. கருவியும் சேர்ந்தே நடத்துகிறது.

பாக்டீரியா வளர வளர மருந்தைத் தானாக ஏற்றும் கருவியான மார்பிடோஸ்டாட்டையே எடுத்துக்கொள்வோம். 12 மி.லி. ஈ.கோலை வளர்ப்பு, ஒரு எல்இடி, கலங்கலை அளக்க ஒரு ஒளி சென்சார், இரண்டு பம்ப். 12 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.லி. புதிய ஊடகம் (பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசல்) உள்ளே போகும், மிகுதி வெளியேறும். இந்தக் கணக்கில் நீர்த்தல் வேகம் மணிக்கு சுமார் 0.4. அதாவது 104 நிமிடத்துக்குள் இரட்டிக்காத செல் அடித்துச் செல்லப்படும். கலங்கல் வரம்பைத் தாண்டி, வளர்ச்சியும் நீர்த்தலை மிஞ்சினால் மருந்து கலந்த ஊடகம் போகும். இல்லாவிட்டால் வெறும் ஊடகம்.

இங்கேதான் சிக்கல். மருந்தைத் தாங்காமலேயே பிழைக்க ஒரு வழி இருக்கிறது: சுவரில் ஒட்டிக்கொள்வது. ஒட்டிய செல்லை நீர்த்தல் தொடாது. அந்தப் படலம் ஒளி போகும் பாதையில் படிந்தால் சென்சார் அதையும் கலங்கலாகப் படிக்கும், கருவி மருந்தை ஏற்றிக்கொண்டே போகும். வரைபடத்தில் எதிர்ப்புத்திறன் அழகாக ஏறுவதுபோலத் தெரியும். வளர்ப்பைக் கொட்டிவிட்டு அதே குப்பியில் புதிய ஊடகத்தை ஊற்றி அளந்து பாருங்கள். அளவு ஆரம்பநிலைக்கு இறங்கவில்லை என்றால் படலம் இருக்கிறது. தினமும் வளர்ப்பைப் புதிய கிருமிநீக்கிய குப்பிக்கு மாற்றுவதுதான் நம்பகமான தீர்வு. அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் பல வார உழைப்பு வீண்.

மருந்துப் புட்டியையும் நம்பக்கூடாது. ஆம்பிசிலின் ஊடகத்தில் நாள்கணக்கில் இருந்தால் சிதையும். வீரியம் குறைந்த மருந்தில் செழித்து வளரும் பாக்டீரியா, எதிர்ப்பு பெற்றதுபோலவே காட்சி தரும். டாக்ஸிசைக்ளினுக்கு வெளிச்சம் ஆகாது. புட்டியை அலுமினியத் தாளால் சுற்ற வேண்டும். டிரைமெத்தோபிரிமுக்குத் தைமிடின் மிகுந்த ஊடகம் கூடாது, மருந்தின் விளைவையே அது தட்டிவிடும்.

பம்பைக் காலக்கணக்கில் அளவிடாமல் எடைபோட்டு அளவிடுங்கள்: 20 முறை தண்ணீரைத் தள்ளவிட்டு, 20 கிராம் வருகிறதா என்று பாருங்கள். ஊடகக் குழாயின் நுனி வளர்ப்பைத் தொடாமல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தொட்டால் பாக்டீரியா குழாய் வழியாக ஏறிப் புட்டியைக் கெடுக்கும்.

குப்பிக்குக் குப்பி கலப்படத்தைப் பிடிக்க, 1988இல் பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி ஈ.கோலையில் தொடங்கிய நீண்டகாலப் பரிணாமச் சோதனையின் உத்தியே போதும். அரபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தும் இனமும் பயன்படுத்தாத இனமும் அடுத்தடுத்த குப்பிகளில். டெட்ரசோலியம் என்ற நிறங்காட்டியும் அரபினோஸும் கலந்த வளர்ப்புத் தட்டில் முன்னது வெள்ளை, பின்னது சிவப்பு. வெள்ளைக் கூட்டங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அன்றைய மாதிரியை ஒதுக்கிவிட்டு, முந்தைய நாளின் உறைமாதிரியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் தினமும் 15% கிளிசராலில் −80 டிகிரியில் மாதிரி வையுங்கள். கடைசியில் முதல் நாள் மாதிரியையும் இறுதி நாள் மாதிரியையும் சேர்த்து எழுப்பி, மருந்தில்லாமல் ஓரிரவு வளர்த்து, மி.லி.க்கு 5 லட்சம் செல் என்ற அளவில் ஒரே தட்டில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவைப் பாருங்கள். இரட்டிப்புப் படிகளில் அளப்பதால் ஒரு படி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள்.