ரெண்டு இஞ்சுக்குள்ளே ரெண்டு இஞ்சு போகாது

வெல்டிங் வேலை செய்யும் பாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "சேர், நீங்க ரெண்டு இஞ்சுன்னு சொன்னீங்க. நான் ரெண்டு இஞ்சு பாரிலதான் செஞ்சிருக்கேன்." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வாகனத்துக்குப் பின்னால் ரெண்டு இஞ்சு பொக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய். அதற்குள் செருக, டொரொண்டோவிலிருந்து கடல் தாண்டி வந்த சைக்கிள் ரெக்கின் (வாகனத்துக்குப் பின்னால் சைக்கிள் ஏற்றும் தாங்கி) காலும் ரெண்டு இஞ்சு. ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போகும்? கணக்குப் பாடம் படிப்பிக்கிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் வீடு தலவாக்கலைக்குக் கிட்ட. வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏத்தம், இல்லாவிட்டால் இறக்கம். சமதரை என்று சொல்ல பாடசாலை மைதானம் ஒன்றுதான் உண்டு. ஏ-7 ரோட்டில் சைக்கிள் விடலாமே என்று யாராவது சொன்னால், அவர் கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தரமாவது வளைவில் மாட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மகளுக்குச் சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் அம்பேவெல பக்கம் கூட்டிப்போய் ஓட விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இருப்பது பழைய கிராண்ட் விட்டாரா. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஏறிய வேகத்தில், இதை விற்று வேறு வாங்கும் யோசனையே எனக்கு வந்ததில்லை. சைக்கிள்களைக் கூரையில் கட்டலாம்தான். ஆனால் மகளின் லேடீஸ் சைக்கிள் 17 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்க என் இடுப்பு சம்மதிக்காது. தோட்டத்து ரோட்டில் தாழ்ந்த கிளைகள் வேறு.

டொரொண்டோவில் இருக்கிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன்னிடம் சும்மா கிடக்கும் ரெக்கை அனுப்புவதாகச் சொன்னான். அவன் கேட்டது ஒரே கேள்வி. "ஹிட்ச் ஒண்ணே கால் இஞ்சா, ரெண்டு இஞ்சா மச்சான்? ரெண்டு சைஸும் இருக்கு." ஹிட்ச் என்றால் ரெக்கின் காலைச் செருக வாகனத்தின் பின்னால் பொருத்தும் குழாய். நான் உடனே பாஸுக்கு அழைத்தேன். ரெண்டு இஞ்சு பார் எங்கேயும் கிடைக்கும் என்றார். "ரெண்டு" என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டேன். கடையில் பொக்ஸ் பார் விற்பது வெளி அளவில் என்பதும், ஹிட்ச் குழாயின் அளவு உள் அளவு என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. சிறியதை விட்டுப் பெரியதைக் கேட்டது மட்டும் சரி. ஒண்ணே கால் இஞ்சு சின்னக் கார்களுக்கு, பாரம் குறைவாகத் தாங்கும்.

பெட்டி கொழும்புக்கு வர 9 கிழமை எடுத்தது. அது பரவாயில்லை. எடுக்கப் போன கதைதான் கசப்பு. பெட்டி மனைவியின் பெயருக்கு வந்திருந்தது. மச்சான் தன் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அக்காவின் பெயருக்கு முன்னாலும் எழுதியிருக்கிறான். மனைவியின் அடையாள அட்டையில் அதே அப்பாவுக்கு நடுவில் ஒரு 'எச்' கூடுதல். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த நாலு பேரின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் நாலு விதமாக இருக்கும். பதிந்தவர் காதில் விழுந்ததுதான் எழுத்து. விடிய முன் பஸ் ஏறி, ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் குலுங்கி, வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "பேர் சரியில்ல" என்று தாள்களைத் திருப்பித் தள்ளினார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு "சத்தியக்கடதாசி" என்று ஒரு சொல். வேறு பேச்சே இல்லை. மனைவி வரும் வழி முழுக்கத் தன் தம்பியைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஹட்டன் தாண்டியதும் திட்டு என் பக்கம் திரும்பியது.

ஊரில் ஒரு சமாதான நீதவானைப் பிடித்து சத்தியக்கடதாசி முடித்து மறுபடி போனோம். அன்றைக்குக் கவுண்டரில் வேறொருவர். கடதாசியை அவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. முத்திரை அடித்துக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டி போடுகிறார்கள் என்றால், பெட்டியை மூடும் முன்பே உங்கள் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை.

இனி பொருத்திய கதை. முதல் குழாய் கழிந்தது. இரண்டாவதுக்கு பாஸ் ரெண்டரை இஞ்சு பார் எடுத்தார். ஊர்க் கடையில் கிடைத்தது 3 மில்லிமீற்றர் தடிப்பு. ரெண்டரை இஞ்சு என்றால் 63.5 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் 3 போனால் உள்ளே 57.5. ரெக்கின் கால் 50.8. நடுவில் கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர் வெற்றிடம். "தகடு வச்சு அடைச்சிரலாம் சேர்" என்றார். அடைத்தோம். சைக்கிள் ஏற்றாமல் ரெக்கை மட்டும் மாட்டி ஒரு சுற்றுப் போனதற்கே பின்னால் காமன் கூத்துத் தப்பு அடிப்பதுபோல் சத்தம். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வந்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் சரிவந்தது. கொழும்பில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே ரெண்டரை இஞ்சு, ஆனால் 6 மில்லிமீற்றர் தடிப்பு. உள்ளே 51.5. கால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது பாஸ் விசிலடித்தார். ரெக் கழன்று வராமல் குறுக்கே செருகும் ஊசி போகும் துளை 16 மில்லிமீற்றர். இரண்டு பக்கத் துளையும் நேராக இல்லாவிட்டால் ஊசி ஏறாது, அதனால் ரெக்கின் காலை உள்ளே விட்டுவைத்தே அடையாளம் போடச் சொல்லுங்கள். மிச்சமிருந்த கொஞ்ச ஆட்டத்துக்கு பாஸ் தானாக ஒரு வேலை செய்தார். குழாயின் பக்கத்தில் துளை போட்டு, மேலே ஒரு நட்டை வெல்ட் பண்ணி, அதற்குள் போல்ட்டை முடுக்கி ரெக்கின் காலைச் சுவரோடு அழுத்திவிட்டார். இதற்கென்றே செய்த சாமானை அங்கே டொலருக்கு விற்கிறார்கள் என்று மச்சான் சொன்னபோது பாஸுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. குழாயைப் பம்பரோடு வெல்ட் பண்ணப் பார்த்தார், விடவில்லை. சேசிஸின் இரண்டு பக்கமும் 8.8 என்ற உறுதித் தரமுள்ள போல்ட் போட்டு, குறுக்கே ஒரு பார் கொடுத்து, அதில்தான் குழாய். ரெக் 16 கிலோ, என் சைக்கிள் 14, மகளுடையது 17, ஆக 47. அந்தப் பாரம் முழுக்க வாகனத்துக்கு வெளியே தொங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் அது 47 கிலோவாக நிற்காது. பம்பர் தகடு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதெல்லாம் முடிந்து ரெக்கை நிமிர்த்தினால் அடுத்த இடி. விட்டாராவின் ஸ்பெயார் டயர் பின் கதவில் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. மச்சான் அனுப்பியது செங்குத்துக் கம்பத்தில் சைக்கிளைத் தொங்கவிடும் வகை. கம்பம் நேராகப் போய் டயரில் முட்டியது. நீட்டித் துண்டு என்று ஒன்று விற்கிறார்கள், ஆனால் அதைப் போட்டால் பாரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். எனவே குழாயையே 5 இஞ்சு வெளியே இழுத்து வைத்தோம். இப்போது ரெக் இல்லாத நாளிலும் அந்தக் குழாய் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். என் இடது கால் முன்னெலும்பில் அதன் கையெழுத்து இருக்கிறது.

தொங்கவிடும் வகையில் இன்னொரு கரைச்சல். லேடீஸ் சைக்கிளுக்கு மேல் பார் கிடையாது, எதைப் பிடித்துத் தொங்கவிடுவது? ஹேண்டில் கழுத்துக்கும் சீற் தண்டுக்கும் நடுவே மாட்ட ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். பாஸ் பைப்பில் செய்து தந்தார். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த வகைப் பக்கமே போக வேண்டாம், பிடி இறுகினால் பிரேம் வெடிக்கும். திரும்பத் தொடங்கினால் நான் சக்கரங்களை நிறுத்திவைக்கும் தட்டு வகையைத்தான் கேட்பேன். அது இன்னும் சில கிலோ பாரம், விலையும் கூட. ஆனால் பிரேமைத் தொடாது, சைக்கிள் ஒன்றோடொன்று உரசாது. இப்போது பழைய டியூபை வெட்டிச் சுற்றித்தான் பெயின்டைக் காப்பாற்றுகிறேன்.

எங்கள் பக்கத்து வாகனக்காரர்களுக்கு ஒன்று. தோட்டத்து ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் கான், அதாவது தண்ணீர் வடிகால், குறுக்கே ஓடும், தெரியும்தானே. முன் சக்கரம் மேலே ஏறும் நேரம் பின்பக்கம் தாழ்ந்து, ரெக்கின் கால் கொங்கிறீட்டில் உரசி நெருப்புப் பறந்தது. பிறகு அந்த இடத்தைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றக் கற்றுக்கொண்டேன். கால் மேல்நோக்கி வளைந்த ரெக்குகளும் இருக்கின்றன, வாங்குகிறவர்கள் அதைத் தேடுங்கள். சைலன்சர் வாயையும் பாருங்கள். இரண்டாம் கியரில் ஏத்தம் ஏறும்போது வரும் சூடு சைக்கிள் டயருக்கு நேரே அடிக்கக்கூடாது. என் சைக்கிளைத் திருப்பி மாட்டிய பிறகுதான் அது தப்பியது.

முதல் பயணத்தில் நானுஓயா வரைக்கும் நிம்மதி. அதற்கப்புறம் ஓரிடத்தில் பொலிஸ் கை காட்டியது. நம்பர் பிளேட் சைக்கிள் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, ஒரு பக்க சிக்னல் லைற்றும் மறைந்திருந்தது. கொன்ஸ்தாபிள் நல்ல மனுஷன், தண்டம் எழுதவில்லை. ஆனால் அப்படியே போக விடவும் இல்லை. ரோட்டோரத்தில் பிளேட்டைக் கழற்றி, ரெக்கின் கம்பத்தில் கம்பியால் கட்டி, என் சைக்கிளை ஒரு சாண் தள்ளி மாட்டி, சிக்னல் போட்டுக் காட்டிய பிறகுதான் அனுப்பினார். குறடும் கட்டுக்கம்பியும் இல்லாமல் வெளிக்கிட்டிருந்தால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியிருப்போம்.

பிளக்பூலில் திரும்பி, அம்பேவெல போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பனி விலகி வெயில் வந்திருந்தது. மகள் சைக்கிளை இறக்கச் சொல்லிக் குதித்தாள். "முதல்ல சாப்பிடுவம்" என்றாள் மனைவி. ரொட்டியும் சம்பலும் பின்னால் டிக்கியில். ரெக்கைச் சாய்த்தால் பின் கதவு திறக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தான். சாய்த்தேன். அவன் சொன்னது மேலே தூக்கித் திறக்கும் கதவுக்கு. விட்டாராவின் கதவு பக்கவாட்டில், வீட்டுக் கதவு மாதிரித் திறக்கிறது. நாலு விரல் அகலம் திறந்து கம்பத்தில் இடித்து நின்றது. சம்பல் வாசம் மட்டும் வெளியே வந்தது.

மகள் பின் சீற்றுக்கு மேலால் ஏறித் தலைகீழாக உள்ளே தொங்கி ரொட்டிப் பார்சலை எடுத்துத் தந்தாள். தண்ணீர்ப் போத்தல் எட்டவில்லை.